பன்னெண்டு எபிசோடும் செவந்தி அக்காவும்

ஒரு நல்ல கதைய நாலு பேரப் பாக்கச் சொல்றது இவ்வளவு பெரிய பாவம்னு எனக்கு யாரும் முன்னாடியே சொல்லலை. சொல்லியிருந்தா வாயப் பொத்திக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம நூல் வெட்டிக்கிட்டு இருந்திருப்பேன்.

எம் பேரு அன்புமொழி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு ஹார்டுவேர் கடை மாடியில, ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற யூனிட்டுல வேலை பாக்குறேன். பி.ஏ. இங்கிலீஷ் படிச்சவளுக்கு அங்க என்ன வேலைன்னு கேக்காதீங்க. கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போச்சு. தைச்சு வர்ற சட்டையில நூல் பிசிறு வெட்டணும், பட்டன் நிக்குதான்னு இழுத்துப் பாக்கணும், அவ்ளோதான். கை ஒரு பக்கம் வேலை பாக்கும், எதுக்க போன சாச்சு வச்சு நான் பாட்டுக்கு அனிமே பாத்துக்கிட்டு இருப்பேன். அனிமேன்னா ஜப்பான்காரங்க வரைஞ்சு எடுக்குற தொடர். சண்டை, பேய், பந்து வெளையாட்டுன்னு ஆயிரம் இருக்கு. எனக்குப் புடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்.

அந்தத் தொடரோட பேரு ஜப்பான் பாஷையில ஒரு முழ நீளம் இருக்கும், அத விடுங்க. மலை மேல ஒரு ஊரு. அங்க ஒரு சத்திரம். சத்திரத்துல சோறாக்குற புள்ள ஒருத்தி. ஊருக்கு வெளிய கிடுகிடு பள்ளம். வருஷத்துல மொத பனி கொட்டுற அன்னைக்கி மட்டும் அந்தப் பள்ளத்துக்கு மேல ஒரு பாலம் முளைக்கும். அங்கிட்டு இருக்குற ஒலகத்துல இருந்து ஒருத்தன் அதுல நடந்து வருவான். பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிப் போயிரணும். மறுபடியும் பாக்கணும்னா அடுத்த வருஷந்தான். நான் இத நாலு தடவை பாத்துட்டேன். நாலு தடவையும் அழுதேன். இதப் பத்திப் பேச எனக்கு ஒரு ஆளு வேணும். எங்க ஊர்ல ஒரே ஒரு ஆளு. அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

மொதல்ல எங்க அம்மாகிட்ட போட்டுக் காட்டுனேன். ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, “இருவத்தாறு வயசுல பொம்மப் படம் பாக்குறவளுக்கு நான் எங்கிட்டுப் போயி மாப்பிள்ளை தேடுவேன்”னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எங்க சித்தி மக ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுப் பாத்தா. அந்தப் புள்ள அழுகுற எடம், குரல் எலி மாதிரி கீச்சு கீச்சுன்னு வருது, இவ விழுந்து விழுந்து சிரிக்கிறா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

யூனிட்டுலயும் இதே கதைதான். பட்டன் ஓட்டைக்குக் காஜா போடுற ஷீபா என் செட்டு, அவளாச்சும் பாப்பான்னு லிங்க் அனுப்புனேன். மறுநாளே வந்து முழுசாப் பாத்துட்டேங்குறா. பன்னெண்டு எபிசோடையும் ஒரே ராத்திரியிலயான்னு கேட்டா, “யூடியூப்ல ஒருத்தரு பத்து நிமிஷத்துல தமிழ்ல கதை சொல்லியிருக்காருடி, அதப் பாத்தேன்”ங்குறா. அதுலயும் பாதிக் கதைதான் இருக்கு, மிச்சத்த அந்த ஆளு இன்னும் போடவே இல்லை. யாரோ பிரியாணி சாப்புட்டு ஏப்பம் விட்டத இவ கேட்டுட்டு வந்து, நானும் சாப்புட்டேன்னு சொன்னா எப்பிடி இருக்கும்? ரெண்டு நாள் அவகூட நான் பேசலை.

காலர் தைக்கிற பிரகதாம்பாள் அத்தைக்கு வயசு அம்பத்தஞ்சு. போன நீட்டுனதும் கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்துட்டு, “யாருடி இந்தக் கெழவன்”னு கேட்டாங்க.

“அத்தை, அவருதான் ஹீரோ.”

“முடி பூரா நரைச்சிருக்கேடி.”

“நரை இல்லை அத்தை. வெள்ளி கலரு. அவங்க ஒலகத்துல எல்லாருக்கும் அப்பிடித்தான்.”

“பொண்ணு கேட்டு வரும்போது எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க”ன்னுட்டு காலர எடுத்துத் தைக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் தலையில அடிச்சுக்கிட்டு என் மேசைக்கு வந்துட்டேன்.

செவந்தி அக்கா மட்டும் ஒண்ணுமே சொல்லலை. ஏன்னா அவங்க போனத் திரும்பியே பாக்கலை.

அவங்க ஓவர்லாக் மிஷின்ல ஒக்காருறவங்க. துணியோட ஓரம் பிரியாம அடிச்சுக் குடுக்குற மிஷின் அது. தையல் மிஷினாட்டம் மெதுவாப் போகாது, ஒரு நொடி அசந்தா கத்தி துணிய வெட்டிரும், ஊசி வெரல்ல ஏறிரும். வேலைக்குச் சேந்த புதுசுல யாரோ கூப்புட்டாங்கன்னு அக்கா நிமிந்துருக்காங்க, எடது கை ஆட்காட்டி வெரல்ல ஊசி எறங்கி நகம் ரெண்டாப் போச்சு. அதுக்கப்புறம் யாரு கூப்புட்டாலும் நிமிய மாட்டாங்க. ஓனரு சார் வந்து நின்னாலும் குனிஞ்சபடிதான் பேசுவாங்க. யூனிட்டுல டி.வி. சீரியல் ஓடும், பிரகதாம்பாள் அத்தை போன்ல வைப்பாங்க, ஆனா யாரும் பாக்குறது கெடையாது. எல்லாரும் காதாலதான் கேக்குறது. எந்தக் கதாநாயகி என்ன சேலை கட்டியிருக்கான்னு எங்க யூனிட்டுல ஒருத்திக்கும் தெரியாது. யாரு யாருக்குத் துரோகம் பண்ணாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்.

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயசு. திருமயத்துல எறங்கி நாலு கிலோமீட்டர் உள்ள போகணும் அவங்க ஊருக்கு. வீட்டுக்காரரு கண்ணுசாமி மலேசியாவுல ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ரெண்டு வருஷ காண்ட்ராக்ட்டுல போனாரு. போயி ஒம்பது வருஷம் ஆச்சு. அடுத்த பொங்கலுக்கு, அடுத்த தீவாளிக்கு, பாப்பா வயசுக்கு வர்றதுக்குள்ளன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கடை மாறிட்டாரு, பாஸ்போர்ட் மாட்டிக்கிச்சுன்னாங்க, விசா முடிஞ்சு ஒளிஞ்சு வேலை பாக்குறாருன்னாங்க. மொதல்ல ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை போன் வரும், பொறவு மாசத்துக்கு ஒண்ணாப் போச்சு. அக்கா இதையெல்லாம் எங்ககிட்ட பொலம்புனது இல்லை. அவரு போனதுக்கப்புறம்தான் தையல் பழகி, மக இலக்கியாவப் பதினொண்ணாவது வரைக்கும் படிக்க வச்சுட்டாங்க.

போன வருஷம் பொங்கல் லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கி பிரகதாம்பாள் அத்தை போன் ரிப்பேரு. சீரியல் இல்லை. மிஷின் சத்தத்தக் கேட்டுக்கிட்டே எம்புட்டு நேரம் ஒக்காருறது. செவந்தி அக்காதான் குனிஞ்ச வாக்குல சொன்னாங்க. “ஏய் அன்பு, ஏதோ படம் படம்னு எல்லாரு உயிரையும் எடுக்குறியே, அத வாயால சொல்லேன் கேப்போம்.”

எனக்குக் கோவந்தான் வந்துச்சு. “அது சொல்ற கதை இல்லக்கா, பாக்குற கதை. அந்தப் பனிய எப்பிடி வரைஞ்சிருக்கான் தெரியுமா? மியூசிக் கேட்டிருக்கீங்களா? வாயால சொன்னா அதுல என்ன இருக்கு?”

“நாங்க எதைடி பாத்தோம்? எல்லாத்தையும் கேட்டுத்தான் கெடக்கோம். சொல்லு.”

அதுக்கு மேல நான் என்ன பேசுறது. போன சத்தமா வச்சேன். அதுல பேசுறது ஜப்பான் பாஷை, கீழ ஓடுறது இங்கிலீஷ் எழுத்து. அவங்க ஒரு வார்த்தை பேசுனதும் நிப்பாட்டி, நான் அத ஓவர்லாக் சத்தத்துக்கு மேல தமிழ்ல கத்தணும். அந்தப் புள்ளைக்கும் நான்தான் குரல், அவனுக்கும் நான்தான், சத்திரத்துக்காரி கெழவிக்கும் நான்தான். இருவத்துநாலு நிமிஷ எபிசோடு முடிய ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. நாக்குத் தள்ளிருச்சு.

சும்மா கேட்டாங்களா? கேள்வி மேல கேள்வி. பனின்னா நம்ம மார்கழிப் பனியான்னு பிரகதாம்பாள் அத்தை கேட்டாங்க. இல்லை அத்தை, ஃப்ரிட்ஜுக்குள்ள மேல் தட்டுல கட்டிக்கிட்டு நிக்குமே, அது வானத்துல இருந்து பஞ்சா விழும்னேன். அதுல எப்பிடிடி துணி காயும்னாங்க. அவன் வீட்டுல அப்பா அம்மா இருக்காங்களா, அவங்க சம்மதிப்பாங்களா, கடைசில சேருறாங்களா இல்லையா, அத மொதல்ல சொல்லிருன்னாங்க. இதுதான் எனக்குச் சுத்தமா ஆகாது. கடைசியத் தெரிஞ்சுக்கிட்டுக் கதை கேக்குறது ஒரு பொழப்பா? “முடிவ மட்டும் கேக்காதீங்க, கேட்டீங்கன்னா கதையவே நிப்பாட்டிருவேன்”னு அடிச்சுச் சொல்லிட்டேன்.

அன்னைல இருந்து மத்தியானச் சோத்துக்கு அப்புறம் தினம் ஒரு எபிசோடுன்னு ஆகிப்போச்சு. கதைக்குப் பேரும் வச்சுட்டாங்க, பனிக்காரன் கதைன்னு. ஓனரு ஆரோக்கியதாஸ் சார்கூட அந்த நேரத்துக்கு பில் எழுதுற சாக்குல மேல வந்து ஒக்காந்துக்குவாரு. நான் எவ்வளவு தடவை கெஞ்சியும் எட்டிப் பாக்காத சனம், வாயால கத்துனா வரிசையா ஒக்காந்து கேக்குது. இது சந்தோஷப்படுற விஷயமா, சண்டை போடுற விஷயமான்னு எனக்கே தெரியலை.

நாலாவது எபிசோடுல ஒரு எடம் வரும். அவன் பாலத்துல திரும்பிப் போவான். அந்தப் புள்ள கை காட்டும். உடனே மரத்துல பூ பூக்கும், இலை உதிரும், மறுபடியும் பனி விழும். அவன் வந்துருவான். அம்புட்டு அழகா இருக்கும். நான் அதச் சொன்னதும் செவந்தி அக்கா கேட்டாங்க.

“எடையில என்னாச்சு?”

“எடையில ஒரு வருஷம் ஆச்சுக்கா.”

“அந்த ஒரு வருஷமா அவ என்ன பண்ணா?”

“அதெல்லாம் காட்ட மாட்டாங்கக்கா. அஞ்சு செகண்டுல போயிரும்.”

“அஞ்சு செகண்டா”ன்னாங்க. மிஷின மட்டும் நிப்பாட்டலை. கையில இருந்த ஓரத்த அடிச்சு முடிச்சிட்டு, “அவளுக்குக் காச்ச வந்திருக்கும்ல. யாராச்சும் ஏதாச்சும் பேசியிருப்பாங்கள்ல. அதையெல்லாம் யாரு காட்டுவா”ன்னாங்க. நாலு தடவை பாத்த எனக்கு இது தோணவே இல்லை. நான் அந்த மரத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் தினம் சாயங்காலம் பஸ்ஸுக்குக் கெளம்பும்போது அக்கா ஒரே கேள்விதான் கேப்பாங்க. “அவன் வந்துருவானாடி?” பன்னெண்டாவது எபிசோடு வரைக்கும் பொறுங்கக்காம்பேன். மத்தவங்க கேட்டா எரிஞ்சு விழுவேன், அக்கா கேட்டா எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். கடைசியில ஒரு ஆளு கெடைச்சிருச்சுன்னு. நான் பாத்த மாதிரியே இவங்களும் கேக்குறாங்கன்னு. அவங்க ஏன் அந்தக் கேள்வியக் கேக்குறாங்கன்னு யோசிக்கிற அறிவு எனக்கு அப்ப இல்லை.

பதினொண்ணாவது எபிசோடுல பனிக்காரன், இனிமே திரும்பிப் போகாத மாதிரி ஒரேயடியா வந்துர்றேன், எங்க ராஜாகிட்ட உத்தரவு வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போவான். பன்னெண்டாவதுல மொத பனி விழும். பாலம் வரும். அந்தப் புள்ள போயி நிக்கும். ஒண்ணும் தெரியாது, ஒரே வெள்ளை. பாலத்துல யாரோ நடந்து வர்ற சத்தம் மட்டும் கேக்கும். அவ மூஞ்சியக் காட்டுவாங்க. பாட்டு ஆரம்பிச்சிரும். எழுத்துப் போட்டு முடிச்சிருவாங்க.

நான் போன அணைச்சேன்.

“அப்புறம்?”னாங்க செவந்தி அக்கா.

“அவ்ளோதான்க்கா. முடிஞ்சிருச்சு.”

“நடந்து வந்தது அவனா?”

“தெரியாதுக்கா. ரெண்டாவது சீசன் வந்தாத்தான் தெரியும்.”

“எப்ப வரும்?”

“சொல்ல முடியாதுக்கா. மூணு வருஷமா வரலை. வராமலேகூடப் போயிரலாம்.”

அனிமே பாக்குறவங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்லை. பாதிக்கு மேல இப்பிடித்தான் அந்தரத்துல விட்டுட்டுப் போயிருவாங்க, நாங்களும் திட்டிக்கிட்டே அடுத்தத பாக்கப் போயிருவோம். அத மொத நாளே இவங்ககிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணலை. முடிவச் சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னு பெருமையாப் பேசுனவ, முடிவே கெடையாதுங்குறதச் சொல்லாம விட்டுட்டேன்.

செவந்தி அக்கா மிஷின நிப்பாட்டுனாங்க. நிமிந்து என்னையப் பாத்தாங்க. வேலை நேரத்துல அவங்க மூஞ்சிய நேருக்கு நேரா நான் அன்னைக்கித்தான் பாத்தேன். “கதை முடியாதுன்னு ஒனக்குத் தெரியும்ல. தெரிஞ்சேதான என்னைய ஒக்கார வச்ச? பன்னெண்டு நாளா வருவானான்னு கேக்குறேன், பொறுங்கக்கா பொறுங்கக்கான்னியேடி. எதுக்குடி அப்பிடிச் சொன்ன?”

தப்புக்கான்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா எனக்கும் பன்னெண்டு நாளாத் தொண்டை கட்டிப்போயிக் கெடக்கு. இம்புட்டுக் கத்துனதுக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை, பழிதான் மிச்சமான்னு ஆத்திரம். எங்க வீட்டுல சொல்லுவாங்க, இவளுக்குக் கோவம் வந்தா வாய்க்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற வயரு அறுந்துரும்னு. அறுந்துருச்சு.

“நீங்க மட்டும்? ஒம்பது வருஷமா ஒக்காந்திருக்கீங்களே, அவரு வருவாருன்னு தெரிஞ்சுதான் ஒக்காந்திருக்கீங்களா?”

ஷீபா கையில இருந்த கத்திரிக்கோல் கீழ விழுந்துச்சு. பிரகதாம்பாள் அத்தை, “அடி பாவி”ன்னாங்க. செவந்தி அக்கா மூஞ்சியத் திருப்புனாங்க. மிஷினப் போட்டாங்க. குனிஞ்சாங்க. சாயங்காலம் பையத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட சொல்லாமப் போனாங்க.

அதுக்கப்புறம் மூணு மாசம் அவங்க எங்கூடப் பேசலை. வேலைக்கு வேணும்னா மட்டும், “அன்புமொழி, அந்தக் கட்ட இங்கிட்டுத் தள்ளு”ம்பாங்க. எங்க அம்மாகூட என்னைய முழுப் பேரு சொல்லிக் கூப்புட்டது இல்லை. மன்னிப்புக் கேக்கப் போவேன், அவங்க மிஷின் சத்தத்தக் கூட்டிருவாங்க.

நானும் என்னென்னமோ செஞ்சு பாத்தேன். இந்தத் தொடருக்கு மூலமா ஒரு சித்திரப் புத்தகம் இருக்கு, அதுல முடிவு இருக்கும்னு தேடிப் படிச்சா, எழுதுறவருக்கு ஒடம்பு சரியில்லைன்னு அதுவும் அதே பாலத்துல நிக்குது. தொடர் எடுத்த கம்பெனிக்கு இங்கிலீஷ்ல மெயில் போட்டேன். புதுக்கோட்டைன்னு ஒரு ஊர்ல பதினோரு பேரு மிஷின நிப்பாட்டிட்டுக் காத்துக்கிட்டு இருக்கோம், நடந்து வந்தது யாருன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். பதில் வரலை. பிரகதாம்பாள் அத்தை எனக்கு யோசனை சொன்னாங்க. “ரெண்டாம் பாகம் வந்திருச்சுக்கா, அவன் வந்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிரேன். அவளா போயிப் பாக்கப் போறா? இங்கிலீஷு படிச்சது நீ ஒருத்திதான?” மாட்டேன்னு சொல்லிட்டேன். இல்லாத ஒண்ண இருக்குன்னு சொல்ல என்னால ஆகாது. அந்தத் தொடர் மேல எனக்கு அம்புட்டு வெறி. வெறியா, வீம்பான்னு அத்தை கேட்டாங்க.

மே மாசம். ஸ்கூல் தொறக்கப் போகுது, யூனிஃபார்ம் ஆர்டர் மலையாக் குமிஞ்சு கெடக்கு, யாரும் ஒரு நாள் லீவு கேக்கக் கூடாதுன்னு ஆரோக்கியதாஸ் சார் கத்திக்கிட்டு இருக்காரு. செவந்தி அக்கா மிஷின நிப்பாட்டிட்டு எந்திரிச்சு நின்னாங்க. “சார், எனக்குப் பத்து நாள் லீவு வேணும். எங்க வீட்டுக்காரரு வர்றாரு.”

சார் தொறந்த வாய மூடிட்டாரு. பிரகதாம்பாள் அத்தை ஓடி வந்து கட்டிப்புடிச்சுக்கிட்டு அழுதாங்க. விசா இல்லாம இருக்குறவங்கள ஊருக்கு அனுப்புறாங்களாம், அதுல அவரு பேரும் வந்திருச்சாம். அக்கா சிரிச்சாங்க. மூணு மாசத்துல மொத தடவையா என்னையப் பாத்தும் சிரிச்சாங்க. நான் பாத்ரூமுக்குப் போயி மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கெழமை நானும் ஷீபாவும் அத்தையும் ஒரு கிலோ லட்டு வாங்கிக்கிட்டு திருமயம் பஸ் ஏறுனோம். கண்ணுசாமி அண்ணன் வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்து போன் பாத்துக்கிட்டு இருந்தாரு. வாங்கன்னாரு, திரும்பப் போனப் பாத்தாரு. இலக்கியா கதவுக்குப் பக்கத்துல நின்னுச்சு, அவர அப்பான்னு கூப்புட வாய் வரலை, “இவங்களுக்குச் சேரு வேணுமா”ன்னு அம்மாகிட்டயே கேட்டுச்சு. அக்கா டீ போட்டுக் கொண்டு வந்தாங்க. அவரு ஒரு மொடக்குக் குடிச்சிட்டு, “சக்கரை ஏன் இம்புட்டுப் போட்ட? இத்தனை வருஷம் யாருக்குப் போட்டுப் பழகுன?”ன்னாரு. வெளையாட்டாத்தான் சொன்னாருன்னு நெனைச்சு நாங்க சிரிச்சோம். அவரு சிரிக்கலை.

அப்புறம் எங்களப் பாத்து, “இனிமே இவ வேலைக்கு வர மாட்டா. நான் சொல்லிட்டேன். வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க”ன்னாரு. வீட்டுல இருந்த தையல் மிஷின் கொல்லைப்பக்கம் போயிருந்துச்சு, மேல சாக்குப் போட்டு மூடியிருந்துச்சு. சத்தம் அவருக்கு ஆகாதாம். அக்கா லட்டு டப்பாவத் தொறந்து எங்களுக்கே ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. நான் அடுப்படிக்குப் போயி, அக்கா அன்னைக்கி நான் பேசுனது ரொம்பத் தப்புன்னு சொன்னேன். “நீ என்னடி தப்பாப் பேசுன”ன்னு சொல்லிட்டு டம்ளரக் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க.

பதினோராவது நாள் காலையில நான் படியேறி வர்றேன், ஓவர்லாக் சத்தம் கேக்குது. அக்கா ஒக்காந்திருக்காங்க. யாரும் ஒண்ணும் கேக்கலை. ஆரோக்கியதாஸ் சார் மட்டும், “வந்துட்டியாம்மா”ன்னாரு. வந்துட்டேன் சார்னாங்க. அதுல இருந்து ஒம்பது மணி வேலைக்கு எட்டு மணிக்கே வந்துருவாங்க. சாயங்காலம் சார் சாவியக் கையில எடுத்தாத்தான் எந்திரிப்பாங்க. அண்ணன் எப்பிடிக்கா இருக்காங்கன்னு கேட்டா, “இருக்காரு”ம்பாங்க. வேலைக்கு வர்றதுக்கு வீட்டுல என்னென்ன நடந்துச்சுன்னு அவங்க சொல்லலை. எனக்கு மட்டும் அன்புமொழி போயி அன்பு திரும்பி வந்துச்சு.

போன கார்த்திகையில ஒரு நாள். காலையில டீக்கு எறங்கிப் போனவ, கடை வாசல்ல நின்னு போனப் பாத்தேன். ரெண்டாவது சீசன் வருது. தை மாசம் வருதுன்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். நாப்பது செகண்டு வீடியோ. அதே பாலம், அதே பனி. டீய அப்பிடியே வச்சுட்டு ரெண்டு ரெண்டு படியாத் தாவி மேல ஓடுனேன்.

“அக்கா, ரெண்டாவது பாகம் வருதுக்கா. நெசமாவே வருது. வந்தது யாருன்னு தெரிஞ்சுரும்.”

அக்கா குனிஞ்சபடியே ஒரு கட்டு முழுசையும் அடிச்சு முடிச்சாங்க. அப்புறம் மிஷின நிப்பாட்டி, நூலக் கடிச்சுத் துப்புனாங்க.

“அன்பு, இந்த ஒம்பது வருஷமும் நான் மனசுக்குள்ள ஒரு ஆளோட பேசிக்கிட்டே இருந்தேன்டி. சமைக்கிறப்ப, பஸ்ஸுல, இங்க குனிஞ்சு ஒக்காந்திருக்குறப்ப. நான் என்ன சொன்னாலும் கேட்டுக்குவாரு. காச்ச வந்தா எப்பிடி இருக்குன்னு கேப்பாரு. நல்ல மனுசன். எப்படா வருவாருன்னு இருந்தேன். இவரு வந்து எறங்குன அன்னைக்கி அவரு போயிட்டாரு. இப்பப் பேசக்கூட ஆளு இல்லை.”

போன் என் கையில தானா ஓடிக்கிட்டு இருந்துச்சு, அந்தப் பாட்டு வேற. அமுக்கி நிப்பாட்டுனேன்.

“நீ பாரு. நான் வேணாம்னு சொல்லலை. அந்தப் பாலத்துல வந்தது அவன்தான்னா எங்கிட்ட சொல்லாத. வரலைன்னா மட்டும் வந்து சொல்லு”ன்னாங்க. சொல்லிட்டு அடுத்த கட்ட எடுத்தாங்க.

எனக்கு அப்ப வந்த ஆத்திரம் யாரு மேலன்னு இன்னைக்கி வரைக்கும் தெரியலை. கண்ணுசாமி அண்ணன் மேலயா, மூணு வருஷமா இழுத்தடிச்ச கம்பெனிக்காரன் மேலயா, வருஷத்த அஞ்சு செகண்டுல ஓட்டிட்டு மரத்தக் காட்டுறவன் மேலயா, இதப் பாருங்க பாருங்கன்னு ஊரெல்லாம் நச்சரிச்ச என் மேலயா. ஒரு ஆளு வேணும்னு அலைஞ்சேன். கெடைச்ச ஆளு என்னையவிட ஒழுங்காக் கதை கேட்டிருக்கு.

தை மாசம் தொடங்கி வாரத்துக்கு ஒண்ணா பன்னெண்டு எபிசோடும் வந்துச்சு. ஷீபா இந்தத் தடவை நெசமாவே ஒக்காந்து பாத்தா, பிரகதாம்பாள் அத்தைக்கு நான் கீழ டீக்கடையில வச்சுக் கதை சொன்னேன். நான் ஒண்ணு விடாம எல்லாத்தையும் பாத்து முடிச்சிட்டேன். தினமும் செவந்தி அக்காவுக்கு எதுத்தாப்புல ஒக்காந்துதான் பிசிறு வெட்டுறேன். இன்னைக்கி வரைக்கும் நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை.